தட்டணுக் கணக்கும் உடம்பின் கணக்கும்

டெங்குக் காய்ச்சல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: பிளேட்லெட், அதாவது தட்டணு. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமாவது "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்ற பதில் வருவதில்லை. "நேத்து அறுபதாயிரம், இன்னிக்கு நாற்பதாயிரம்" என்றுதான் சொல்கிறார்கள். இறங்கினால் பயம், ஏறினால் நிம்மதி, லட்சத்தைத் தாண்டிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரத்தில் வந்து போகும் காய்ச்சலுக்கு இந்தப் பார்வை ஓரளவுக்குப் போதும். ஆனால் தட்டணுக்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்கக் குறைந்தே இருக்கும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஐ.டி.பி. என்கிறார்கள், விரித்தால் இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா. மேலைநாட்டுக் கணக்குகளின்படி ஆண்டுதோறும் லட்சம் பேரில் 2 முதல் 5 பேருக்கு இது புதிதாக வருகிறது. டெங்குவில் பழகிய கண்ணோடு இந்த நோயாளியின் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது நோயாளி, குடும்பம், சில நேரம் மருத்துவர் என்று எல்லோருமே தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள். சிகிச்சை பெற வேண்டியவர் நோயாளி. ரிப்போர்ட்டில் உள்ள எண் அவரைப் பற்றிய ஒரு சாட்சி, அதுவும் அரைகுறையான சாட்சி. இந்த நோயோடு வாழ்வதில் உள்ள பாதிச் சிரமம், அந்த அரைகுறைச் சாட்சியை நீதிபதியாக உட்கார வைப்பதால் வருகிறது என்பது என் கருத்து.

தட்டணு என்பது ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய துணுக்கு. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து பிய்ந்து வருவது. தனக்கென்று உட்கரு கிடையாது. ரத்தக் குழாயில் எங்கே கீறல் விழுந்தாலும் அங்கே போய் ஒட்டி, ஒன்றோடொன்று கூடி அடைப்பது அதன் வேலை. 1882இல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிஸ்ஸோஸெரோ இதைத் தனியான ரத்தக் கூறாக அடையாளம் கண்டு, அதன் பணியையும் சொன்னார். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதனால் உடம்பு நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்களைப் புதிதாகச் செய்தபடியே இருக்கிறது. ஐ.டி.பி.யில் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தத் தட்டணுவையே அந்நியன் என்று தவறாகக் கருதி அதன்மேல் அடையாளம் குத்திவிடுகிறது. அந்த அடையாளத்தோடு மண்ணீரலுக்குள் நுழையும் தட்டணு விழுங்கப்படுகிறது. பத்து நாள் வாழ வேண்டியது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ முடிந்துபோகிறது.

இது ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருளின் வேலைதான் என்பதை நிரூபித்த விதம் மருத்துவ வரலாற்றில் மறக்க முடியாதது. 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பயிற்சியில் இருந்த வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐ.டி.பி. நோயாளி ஒருவரின் ரத்தத்தில் அரை லிட்டரைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குச் சரிந்தன, வலிப்பும் வந்தது. சில நாளில் எண்ணிக்கை தானாக மீண்டது. பிறகு உடன் வேலை செய்தவர்களும் முன்வந்து அதே சோதனைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குத் தட்டணுக்கள் குறைந்தன. சிலருக்குக் குறையவே இல்லை. 1951இல் வெளியான அந்த ஆய்வை இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் நோயின் இரண்டு குணங்களை அது ஒருசேரக் காட்டிவிட்டது: ஒன்று, குற்றம் தட்டணுவில் இல்லை, அதைத் தாக்கும் பொருளில் இருக்கிறது, இன்னொன்று, ஒரே மாதிரியான தாக்குதலுக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. அழிவு மட்டுமே முழுக் கதை இல்லை என்பது பின்னால் தெரிந்தது. பலருக்கு அதே தாக்குதல் மஜ்ஜையில் உள்ள தாய்ச் செல்களையும் தொடுகிறது; உற்பத்தியும் தேவைக்கு ஈடுகொடுப்பதில்லை.

எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்பது இதிலிருந்தே விளங்கும். கிணற்றில் ஊற்றும் இருக்கிறது, இறைப்பும் இருக்கிறது. நீர்மட்டம் இந்த இரண்டின் மிச்சம். ஊற்று சற்றே சுணங்கினாலும் இறைப்பு சற்றே கூடினாலும் மட்டம் மாறும். ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது; மண்ணீரலில் விழுங்கும் வேலை மும்முரமாகிறது; போன வாரம் 50,000 இருந்தவருக்கு இந்த வாரம் 15,000. ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் குறைக்கும்போது இறங்கும். சில நேரம் எந்தக் காரணமும் பிடிபடாமலே இறங்கும், ஏறும். இதற்குமேல் எண்ணும் கருவிக்கும் ஒரு எல்லை இருக்கிறது. தட்டணுக்கள் மிகக் குறைவாக இருக்கும்போது இயந்திரக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு லேப்களில் கொடுத்தால் இரண்டு எண் வரலாம். 18,000க்கும் 23,000க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஒரு குடும்பம் இரவெல்லாம் தூங்காமல் இருப்பதற்கு உண்மையில் ஆதாரம் கிடையாது. சிலருடைய ரத்தம், உறையாமல் இருக்கக் குழாயில் சேர்த்திருக்கும் ரசாயனம் பட்டதுமே தட்டணுக்களைக் கட்டிகட்டியாகச் சேர்த்துவிடும். இயந்திரம் ஒவ்வொரு கட்டியையும் ஒன்று என்று எண்ணும்; ரிப்போர்ட்டில் இல்லாத நோய் இருப்பதாக வரும். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒரு ஆள் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். முதல்முறை தட்டணு குறைவு என்று வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் போன்ற வேறு காரணங்களை விலக்கவும் இதுதான் முதல் படி. ஐ.டி.பி.யை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, லூபஸ், சில மருந்துகள், வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி என்று விசாரிக்க வேண்டியவை பல.

எண் ஒரு அரைகுறைச் சாட்சி என்றேன். அதற்கு வலுவான ஆதாரம், ஒரே எண்ணோடு இருக்கும் இரண்டு பேர். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மஜ்ஜை ஓய்ந்துபோன ஒருவருக்கு 10,000 தட்டணுக்கள், ஐ.டி.பி. உள்ள ஒருவருக்கும் 10,000. முன்னவருக்கு ரத்தக்கசிவு ஆபத்து கூடுதல். பின்னவருடைய மஜ்ஜை உயிரோடு இருக்கிறது. இடைவிடாமல் புதிய தட்டணுக்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்படிப் புதிதாக வந்தவை உருவில் பெரியவை, வேலையில் சுறுசுறுப்பானவை. ஆள் குறைவு, ஆனால் நிற்பவர்கள் எல்லோரும் இளவட்டம். 8,000 எண்ணிக்கையோடு காலில் நாலு சிவப்புப் புள்ளி தவிர ஒன்றுமே இல்லாமல் பள்ளிக்கூடத்தில் ஓடியாடும் குழந்தைகள் இருப்பது இதனால்தான். 40,000 இருந்தும் மூக்கில் ரத்தம் நிற்காமல் வருகிறவர்களும் உண்டு. தாக்கும் பொருள் சிலருக்குத் தட்டணுவின் எண்ணிக்கையோடு அதன் ஒட்டும் திறனையும் கெடுத்துவிடுகிறது. நோயின் பெயரே இதை ஒப்புக்கொண்டு மாறியிருக்கிறது. 1735இல் ஜெர்மனியின் ஹானோவரில் பால் வெர்ல்ஹோஃப் இதை விவரித்தபோது தோலில் தெரியும் புள்ளிகளைக் கொண்டே பெயரிட்டார். அந்தப் புள்ளிகளைக் குறிக்கும் 'பர்ப்புரா' என்ற சொல் இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2009இல் பன்னாட்டு நிபுணர் குழு அதைக் கழற்றியது. நோயாளிகளில் பலருக்குப் புள்ளியோ கசிவோ இல்லை என்பது காரணம். அதே குழு, ஒரு லட்சத்துக்குக் கீழே போனால்தான் இந்த நோய் என்று கணக்கில் எடுக்க வேண்டும் என்றும், 12 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்டது என்று சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது.

இதே புரிதல் சிகிச்சை வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, புதிதாக நோய் கண்ட பெரியவருக்கு 30,000 அல்லது அதற்கு மேல் இருந்து, கசிவு இல்லை அல்லது தோலளவில் லேசாக இருக்கிறது என்றால் ஸ்டீராய்டு கொடுக்காமல் கவனித்துவருவதே மேல். குழந்தைக்குக் கசிவு இல்லை, அல்லது தோலில் மட்டும்தான் என்றால் எண் மிகக் குறைவாக இருந்தாலும் மருந்தில்லாமல் காத்திருக்கலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு, ஓராண்டுக்குள் தானாகவே சரியாகிவிடுகிறது. ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வந்தது, வந்த வழியே போய்விடுகிறது. பெற்றோருக்கு இது நம்ப முடியாத ஆலோசனையாகத் தெரியும். குழந்தையின் தட்டணு பத்தாயிரம் என்கிறார்கள், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்கிறார்கள், இந்த டாக்டருக்கு அக்கறை இல்லையோ என்று வேறு ஆஸ்பத்திரி தேடிப் போவார்கள். சும்மா இருப்பதுபோலத் தெரிகிறதே தவிர, அது ஆதாரத்தோடு எடுத்த முடிவு.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது, லேசாகத் தள்ளக்கூடியதும் அல்ல. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டால்? இந்த நோயில் எல்லோரும் அஞ்சுவது அதைத்தான். தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்று ஒன்றரைப் பேருக்கும், குழந்தைகளில் இருநூறு முந்நூறு பேரில் ஒருவருக்கும் அது நேர்ந்திருக்கிறது. சிறிய விகிதம்தான், ஆனால் நேர்ந்தவருக்கு அது முழு உண்மை. அதனால் எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 20,000க்குக் கீழே போனால் கவனம் பல மடங்கு கூட வேண்டும். பெரியவருக்கு 30,000க்குக் கீழே மருந்து தொடங்குவதே பெரும்பாலும் சரி. பல் பிடுங்குவது, அறுவைசிகிச்சை, பிரசவம் என்று வரும்போது எண்தான் முன்னே நிற்கும். நான் சொல்வது, எண்ணைத் தனியாக வைத்துப் பார்க்காதீர்கள் என்பது. பெரிய கசிவு பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுக்கிறது. உதட்டின் உள்பக்கத்திலும் நாக்கிலும் கருஞ்சிவப்பாக ரத்தக் கொப்புளம் தோன்றுவது அப்படி ஒரு அறிவிப்பு. தோலில் தெரியும் புள்ளிகளைவிட இதற்கு மதிப்பு அதிகம். அறுபதைத் தாண்டிய வயது, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், தலையில் அடி, முன்பே ஒருமுறை பெரிய கசிவு வந்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இருக்கிற கொஞ்சத் தட்டணுவையும் முடக்கிவிடும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம் இந்த நோயாளிக்குத்தான் மிக ஆபத்தானது; காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். தசையில் போடும் ஊசியை மருத்துவரிடம் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், அளவுக்கு மீறிய தூக்கம், கருமையான மலம், அரை மணி நேரமாகியும் நிற்காத மூக்கு ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் போன வார எண் எவ்வளவு என்று யோசிக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். 60,000 என்று ரிப்போர்ட் இருந்தாலும்தான். எண்ணை மட்டுமே நம்பியிருப்பவர் தோற்கும் இடம் இது. நல்ல எண் வந்த தைரியத்தில் உடம்பு சொல்வதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்.

எண்ணைத் துரத்துவதற்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் ஸ்டீராய்டில்தான் போகிறது. அது மலிவு, எங்கும் கிடைக்கும், மூன்றில் இரண்டு பேருக்கு மேல் ஒரு வாரம் பத்து நாளில் எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். சிக்கல் அதற்குப் பிறகு. அளவைக் குறைத்ததும் பலருக்கு எண் மறுபடி இறங்கும், பயந்துபோய் அளவைக் கூட்டுவார்கள், ஏறும், குறைப்பார்கள், இறங்கும். இந்த ஊஞ்சலில் ஆறு மாதம், ஓராண்டு போய்விடும். அதற்குள் முகம் வீங்கும், எடை கூடும், தூக்கம் கெடும், காரணமில்லாத எரிச்சலும் அழுகையும் வரும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. ஆரம்ப ஸ்டீராய்டுச் சிகிச்சையை, படிப்படியாகக் குறைப்பதையும் சேர்த்து, ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் மேலே சொன்ன வழிகாட்டுதலின் நிலை. 25,000 எண்ணிக்கையோடு கசிவில்லாமல் இருக்கும் ஒருவர், 80,000 எண்ணிக்கையோடு ஸ்டீராய்டால் நொந்துபோயிருக்கும் இன்னொருவரைவிட நலமாக இருக்கிறார் என்று சொல்லும் துணிச்சல் சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டை யாரும் தாமாக ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன் அதற்குள் ஓய்ந்திருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. 1916இல் பிராக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த பால் காஸ்னெல்சன், அழிவு மண்ணீரலில்தான் நடக்கிறது என்று ஊகித்து அதை எடுத்துவிடச் சொன்னார். அவருடைய ஆசிரியர் எடுத்தார். நோயாளிக்குத் தட்டணுக்கள் ஏறின. இன்றும் மண்ணீரலை எடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நீண்ட காலப் பலன் இருக்கிறது. ஆனால் தானாகச் சரியாகும் வாய்ப்புக்கு நேரம் கொடுத்து ஓராண்டாவது பொறுத்து, நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகே அதைச் செய்வது வழக்கம். 1981இல் சுவிட்சர்லாந்தின் பால் இம்பாக், நரம்பு வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் குழந்தைகளின் தட்டணுக்களை விரைவாக ஏற்றுவதைக் கண்டார். விலை அதிகம், பலன் சில வாரம்தான், ஆனால் அவசரத்துக்கு உதவும். மஜ்ஜையின் உற்பத்தி என்ற ஊற்றைப் பெருக்கும் மருந்துகள் 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன: ஊசியாக ரோமிப்ளாஸ்டிம், மாத்திரையாக எல்ட்ராம்போபாக். இரண்டாவதை எடுப்பவர் நம் சாப்பாட்டு முறையோடு ஒரு பேரம் பேசியாக வேண்டும். அதை விழுங்குவதற்கு முன் நாலு மணி நேரமும், விழுங்கிய பின் இரண்டு மணி நேரமும் பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எதுவும் வயிற்றுக்குள் போகக் கூடாது. போனால் மருந்து அதில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். காலையில் பால் காபி, மதியம் தயிர்சாதம், இரவு படுக்கும்போது ஒரு டம்ளர் பால் என்று நாள் ஓடும் வீட்டில் இந்த இடைவெளியை யாராவது உட்கார்ந்து கடிகாரம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேழ்வரகிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் காலைக் கூழுக்கும் இது பொருந்தும். மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டும் முன் சமையலறையைக் கேட்க வேண்டியது இந்த நோயில்தான்.

தட்டணு குறைந்தால் தட்டணு ஏற்றிவிட வேண்டியதுதானே என்பது அடுத்த மறுப்பு. ஏற்றியதையும் அதே எதிரி அதே வேகத்தில் அழித்துவிடுகிறான். உயிருக்கு ஆபத்தான கசிவின்போது, மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் அதற்குப் பயன். டெங்குவில்கூட எண்ணை ஏற்றுவதற்காகத் தட்டணு ஏற்றுவது கைகொடுக்கவில்லை: சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்குக் கீழே போன 372 பெரியவர்களிடம் செய்த சோதனையில், ஏற்றியவர்களுக்கு ஏற்றாதவர்களைவிடக் கசிவு குறையவில்லை; பக்க விளைவுகள் அவர்களுக்கே கூடுதல். அது வெளியானது 2017இல். பப்பாளி இலைச்சாறும் இதே கணக்கில்தான் வருகிறது. டெங்குவில் அது எண்ணைச் சற்று முன்னதாக ஏற்றுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கசிவையோ சாவையோ குறைத்தது என்று உறுதியாகக் காட்டியதில்லை. டெங்குவில் குறையும் விதம் வேறு, இங்கே குறையும் விதம் வேறு என்பதால் அங்கே பார்த்ததை இங்கே கொண்டுவரவும் முடியாது. "எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கு, அதைக் கூட்டணும்" என்று சொல்லி விற்கும் பொடிகளையும் லேகியங்களையும் பற்றி எனக்கு இன்னும் பெரிய கவலை. இந்த நோயில் எதிர்ப்பு சக்தி குறையவில்லை. வழி தவறி மிகையாக வேலை செய்கிறது. அதைத் தூண்டிவிட ஆசைப்படுவது நோயைப் புரிந்துகொள்ளாத ஆசை. கொரோனா காலத்தில் சீந்தில் சாறு குடித்த சிலருக்கு, எதிர்ப்பு மண்டலம் சொந்தக் கல்லீரலையே தாக்கும் வகைப் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள்.

எண் கொஞ்சமும் சொல்லாத விஷயம் அசதி. ரிப்போர்ட்டில் அதற்கு வரி கிடையாது. 13 நாடுகளில் 1,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு கணக்கெடுப்பில், ஐ.டி.பி. நோயாளிகளில் பாதிப் பேர் சோர்வைத் தங்கள் முக்கியத் தொல்லைகளில் ஒன்றாகச் சொன்னார்கள். படுத்து எழுந்தாலும் போகாத அசதி. மாடிப்படி பாதியில் கால் கனத்துப் போவது. படித்த வரி மனதில் நிற்காதது. இன்று நன்றாக இருப்பார், நாளை எழ முடியாது. வெளியே பார்க்க ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்பதால் வீட்டில் சோம்பேறி என்றும், அலுவலகத்தில் சாக்கு சொல்கிறார் என்றும் பெயர். அசதி யாருக்குத்தான் இல்லை, அதை நோயின் தலையில் கட்டலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி சரி, அதற்கு விடை விசாரணை, அலட்சியம் அல்ல. மாதவிடாயில் அதிகம் போவதால் இரும்புச் சத்து இறங்கியிருக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இருப்பான ஃபெரிட்டின் காலியாகியிருக்கலாம். இந்த நோயோடு கூடவே தைராய்டுக் கோளாறு வருவதும் உண்டு. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுத்திருக்கலாம். எப்போது ரத்தம் வருமோ என்ற அச்சமே ஆளை உறிஞ்சலாம். இவற்றையெல்லாம் பார்த்துச் சரிசெய்த பிறகும் அசதி மிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும் வேறு நோய்களிலும் இதே சோர்வு காணப்படுகிறது. அளக்க முடியாதது என்பதற்காக ஒன்று இல்லாமல் போய்விடாது. எண் 90,000 ஆகிவிட்டது, இனி என்ன என்று கேட்கும் வீட்டாரிடம் நோயாளி சொல்ல முடியாமல் தவிப்பது இதைத்தான்.

பெண்களுக்கு இந்தப் பாரம் இரட்டிப்பு. இளம் வயதில் இந்த நோய் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. மாதம்தோறும் கசிவுக்கென்றே சில நாட்கள் வருகின்றன. ஒரு நாளில் எத்தனை நாப்கின், கட்டி எவ்வளவு பெரிது என்பது தட்டணு எண்ணுக்குச் சமமான தகவல். அதைக் கூச்சப்படாமல் சொல்லவும் முகம் சுளிக்காமல் கேட்கவும் முடிந்தால், டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற எளிய மாத்திரையோ ஹார்மோன் சிகிச்சையோ பலருக்கு மாதம் முழுவதையும் மீட்டுத் தந்துவிடும். ஆனால் பல வீடுகளில் நோய் என்ற சொல்லே வெளியே போகக் கூடாது. வரன் பார்க்கும் காலத்தில் ரிப்போர்ட்டுகள் பீரோவுக்கு அடியில் போய்விடுகின்றன. மாத்திரை மறைவாக விழுங்கப்படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு பரிசோதனையே நின்றுவிடுகிறது. இது தொற்று நோய் இல்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை. ஆனால் "இவளால் பிள்ளை பெற முடியாது" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அது தவறு. ஐ.டி.பி. உள்ள பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகக் கர்ப்பம் தாங்கிப் பிள்ளை பெறுகிறார்கள். கர்ப்பம் முழுக்க அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். பிரசவ நேரத்தில் 50,000க்கு மேல் இருந்தால் நல்லது, முதுகில் மயக்க ஊசி போட 70,000 அளவு எதிர்பார்ப்பார்கள். தட்டணு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை.

அங்கேயும் எண் தன் எல்லையைக் காட்டுகிறது. தாயின் தட்டணுவைத் தாக்கும் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகலாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத் தட்டணு 50,000க்குக் கீழே இருக்கும். எந்தக் குழந்தைக்கு அப்படி இருக்கும் என்பதைத் தாயின் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. லட்சத்துக்கு மேல் உள்ள தாய்க்கும் நேரலாம், இருபதாயிரம் உள்ள தாயின் குழந்தைக்கு ஒன்றும் இல்லாமலும் போகலாம். அதனால் தொப்புள்கொடி ரத்தத்தை உடனே எண்ணுகிறார்கள். பிறந்த அன்று நன்றாக இருந்தாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மிகவும் இறங்கக்கூடும் என்பதால் அந்த நாட்களில் மறுபடி எண்ணிப் பார்க்கிறார்கள். முழங்காலில், மடிப்புகளில், வாய்க்குள் புள்ளி தெரிகிறதா என்று குழந்தையின் உடம்பையே பார்க்கிறார்கள். தாயிடமிருந்து வந்த பொருள் கரையக் கரைய, சில வாரங்களில் குழந்தையின் தட்டணுக்கள் தானாக ஏறிவிடுகின்றன.